விழுந்தவரை யார் தொடுவது? – ஒலிம்பிக் மருத்துவத்தின் நூறாண்டு

ஒலிம்பிக் போட்டிகளின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் வரலாறாகவே நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. யார் எத்தனை வினாடியில் ஓடினார், எந்த நாடு எத்தனை பதக்கம் பெற்றது என்பனவே ஏடுகளில் நிற்கின்றன. விழுந்தவர்களின் வரலாறு ஒன்றும் அதனடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகளத்தில் ஒருவர் சுருண்டு விழும்போது அவரை யார் தூக்குவது? எப்போது தூக்குவது? தூக்கினால் அவருடைய ஓட்டம் என்னவாகும்? தூக்காவிட்டால் அவருடைய உயிர் என்னவாகும்? எளியவையாகத் தோன்றும் இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை காண விளையாட்டுலகுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இன்று ஒரு பன்னாட்டுப் போட்டியை ஏற்று நடத்தும் நகரம், வீரர் குடியிருப்பில் பல்துறை மருத்துவமனை, ஒவ்வோர் அரங்கிலும் வீரர்களுக்கு ஒன்றும் பார்வையாளர்களுக்கு ஒன்றுமாகச் சிகிச்சை நிலையங்கள், முன்கூட்டியே குறித்துவைத்த மருத்துவமனைகள் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிடத் தொடங்குகிறது. இத்திட்டங்களின் விதிகள் பலவற்றுக்கும் பின்னால் ஒரு மனித உடல் விழுந்து கிடக்கிறது. மாரத்தான் ஓட்டத்தின் வழியே அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். வெயிலும் மனிதனும் நேருக்கு நேர் நிற்கும் பந்தயம் அது.

தண்ணீரும் நஞ்சும்

1904ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த மாரத்தானிலிருந்து தொடங்குவோம். வெப்பம் 32 டிகிரி செல்சியஸை எட்டியிருந்தது. பாதையோ புழுதி மண்சாலை. ஓட்டம் தொடங்கியது பிற்பகலில். போட்டியின் பொறுப்பாளரான ஜேம்ஸ் சல்லிவன், நீரின்றி உடல் எவ்வளவு தாங்கும் என்று அறிந்துகொள்ள விரும்பியவர். ஆகவே வழியில் குடிநீர் கிடைக்கும் இடங்கள் வேண்டுமென்றே குறைக்கப்பட்டன. ஓடத் தொடங்கியவர் 32 பேர். ஓடி முடித்தவர் 14 பேர். வில்லியம் கார்சியா என்ற ஓட்டக்காரர் புழுதியை விழுங்கி உள்ளே இரத்தம் கசிந்த நிலையில் சாலையோரத்தில் கண்டெடுக்கப்பட்டார். அவர் பிழைத்தது தற்செயல்.

வென்ற தாமஸ் ஹிக்ஸின் கதை இன்னும் விந்தையானது. தண்ணீர் கேட்ட அவருக்கு உதவியாளர்கள் தண்ணீர் மறுத்து, முட்டை வெள்ளைக் கருவில் ஸ்ட்ரிக்னைன் என்னும் எட்டிக்கொட்டை நஞ்சைச் சிறிதளவு கலந்து கொடுத்தனர். பின்னர் பிராந்தியும் கொடுத்தனர். மயங்கித் தடுமாறி அவர் கோட்டைக் கடந்தார். அங்கே மருத்துவத் திட்டமே இருக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தது, ஆனால் அது ஓடுபவரின் உயிருக்காக வகுக்கப்பட்டதன்று. உடலை ஒரு சோதனைப் பொருளாகக் கருதியவர்கள் வகுத்தது.

நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. 1908 இலண்டன் மாரத்தானின் விதிகளில் ஓடுபவர் மருத்துவச் சான்று தர வேண்டும் என்றும், ஓடும்போது எந்த மருந்தும் உட்கொள்ளலாகாது என்றும் எழுதப்பட்டது. பாதையில் நியமிக்கப்பட்ட மருத்துவர் விலகச் சொன்னால் உடனே விலக வேண்டும் என்பதும் விதியாயிற்று. மருத்துவருக்கு முதன்முறையாக ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் தாளில் கிடைத்தது. தாளில் கிடைத்த அதிகாரம் களத்தில் என்ன ஆயிற்று என்பதை ஜூலை 24ஆம் நாள் காட்டியது.

இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி அரங்கினுள் முதலாவதாக நுழைந்தார். திசை தெரியாமல் எதிர்ப்புறம் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மீண்டும் மீண்டும் விழுந்தார். கடைசிச் சில நூறு மீட்டர்களைக் கடக்க அவருக்குப் பத்து நிமிடங்கள் ஆயின. மருத்துவ அதிகாரி மைக்கேல் பல்ஜரும் பிறரும் அவரைத் தூக்கி நிறுத்தினர்; தாங்கியபடி கோடு வரை உடன் சென்றனர். உதவி பெற்றார் என்பதனால் அவருடைய வெற்றி பறிக்கப்பட்டு, அமெரிக்கரான ஜானி ஹேய்ஸுக்கு வழங்கப்பட்டது. மறுநாள் அலெக்சாண்ட்ரா அரசியார் பியெத்ரிக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார்.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே ஒரு கிளைச் செய்தி உண்டு. அன்று பியெத்ரியைத் தாங்கிப் பிடித்தவர் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் என்று நெடுங்காலமாக ஒரு கதை வழங்கி வருகிறது. டாயில் மருத்துவம் பயின்றவர்தாம். ஆனால் அன்று அவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து செய்தித்தாளுக்காக எழுதிக்கொண்டிருந்தார். பின்னர் பியெத்ரிக்காக நிதி திரட்டியதில் அவருக்குப் பங்கு உண்டு.

பியெத்ரியைப் பற்றி அவருடைய தோல்வியின் அழகு என்றே பலரும் எழுதினர். மருத்துவத்தின் கண்ணால் பார்த்தால் அங்கே எழும் கேள்வி வேறு. விதிப்படி அவரை நிறுத்தியிருக்க வேண்டிய மருத்துவர், விழுந்தவரை எழுப்பி மீண்டும் ஓடவிட்டது ஏன்? பல்லாயிரவர் ஆரவாரிக்கும் அரங்கில், முதலாவதாக வரும் ஒருவரை நிறுத்தும் துணிவு எந்த மருத்துவருக்கும் எளிதில் வருவதன்று. திட்டம் தாளில் இருந்தாலும், அதைச் செயற்படுத்தும் மனிதரின் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை.

காணாமற்போனவரும் இறந்தவரும்

1912ஆம் ஆண்டு ஜூலை 14, ஸ்டாக்ஹோம். மீண்டும் பிற்பகல், மீண்டும் 32 டிகிரி. வடநாட்டு நகரம் ஒன்றில் இத்தகைய வெப்பத்தை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஓடியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முடிக்கவில்லை. போர்த்துகல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடிய பின் விழுந்தார்; மறுநாள் காலை இறந்தார். வெயிலிலிருந்து தோலைக் காக்க உடல் முழுதும் மெழுகு போன்ற பூச்சைத் தடவியிருந்ததாகவும், அது வியர்வை வெளியேறும் வழியை அடைத்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. தற்கால ஒலிம்பிக்கில் போட்டியின் விளைவாக இறந்த முதல் வீரர் அவர்.

இங்கே உடலின் கணக்கைச் சற்று விளக்கிவிடுவது நல்லது. ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு உள்ள முதன்மையான வழி, வியர்வை தோலில் ஆவியாதல். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழிந்தோடுமேயன்றி ஆவியாகாது. தோலை அடைத்தாலும் அதே விளைவுதான். உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி அறிவு தடுமாறத் தொடங்கினால், அதுவே வெப்பத் தாக்கு. அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது.

அதே ஓட்டத்தில் ஜப்பானின் கனகுரி ஷிசோவும் வெப்பத்தால் நிலைகுலைந்தார். வழியில் ஒரு குடும்பத்தினர் தம் தோட்டத்தில் அவரை அமரச் செய்து பருகக் கொடுத்தனர். அவர் அரங்குக்குத் திரும்பவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஊர் திரும்பினார். சுவீடன் பதிவேட்டில் அவர் காணாமற்போனவராகவே நெடுநாள் இருந்தார். 1967ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமுக்கு அழைக்கப்பட்டு, முதியவராக வந்து கோட்டைக் கடந்தார். 54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாட்கள் எனத் தொடங்கும் அவருடைய நேரக்கணக்கைப் பலரும் ஒரு வேடிக்கையாகச் சொல்வர். ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு திட்டமிடல் குறை ஒளிந்திருக்கிறது. ஓடத் தொடங்கியவர்களில் ஒருவர் எங்கே விழுந்தார் என்றே போட்டியை நடத்தியவர்களுக்குத் தெரியவில்லை. லாசரோ விழுந்த அதே நாளில் கனகுரி பிழைத்ததற்குக் காரணம் மருத்துவ ஏற்பாடன்று, வழியில் இருந்த ஒரு வீட்டாரின் ஈரநெஞ்சம்.

தவறான கோடும் தவறான பாடமும்

1954ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவரில் பிரித்தானியப் பேரரசு மற்றும் பொதுநலவாய விளையாட்டுகள் நடந்தன. ஆகஸ்டு 7ஆம் நாள் ரோஜர் பானிஸ்டரும் ஜான் லேண்டியும் மோதிய ஒரு மைல் ஓட்டத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதே நாளில், அதே அரங்கில், இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் மாரத்தானின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். அடுத்தவரைவிட 17 நிமிடங்கள் முன்னால் இருந்தார். கடும் வெயிலில் கால்கள் தளர்ந்து விழுந்தார், தவழ்ந்தார், 200 மீட்டரைக் கடக்கப் பதினொரு நிமிடம் போராடினார். அவர் ஒரு கோட்டைத் தாண்டியதும் அணியின் உடற்பிடிப்பாளர் அவரைத் தாங்கிக்கொண்டார். அது மாரத்தான் முடியும் கோடன்று. வேறு ஓட்டங்களுக்கான கோடு. பீட்டர்ஸின் ஓட்டம் முடிவுறாததாயிற்று. உயிர் பிழைத்தார், அதன்பின் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. தொடுவதற்கு அனைவரும் கோட்டைப் பார்த்துக் காத்திருந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பியெத்ரிக்கு நேர்ந்ததன் நிழல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்து அங்கே விழுந்திருந்தது.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் மிதிவண்டி வீரர் நுட் எனமார்க் யென்சன் 100 கிலோமீட்டர் அணிப் பந்தயத்தில் கொளுத்தும் வெயிலில் மயங்கி விழுந்து மண்டையோட்டில் முறிவுபட்டார். அவரைக் கிடத்திய கூடாரமே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அன்றே அவர் இறந்தார். ஊக்கமருந்து உட்கொண்டிருந்தார் என்ற பேச்சு உடனே எழுந்தது. இன்றுவரை அது விவாதத்துக்குரியதாகவே உள்ளது. அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட காரணம் வெப்பத் தாக்கு.

அந்த மரணத்திலிருந்து உலகம் கற்ற பாடம் எது? 1961இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, அறுவை மருத்துவரும் 1924 பாரிஸ் 100 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவருமான ஆர்தர் போரிட்டின் தலைமையில் ஒரு மருத்துவக் குழுவை அமைத்தது. 1967இல் அலெக்சாந்தர் தெ மெரோத் அதன் பொறுப்பை ஏற்றார். 1968 முதல் ஊக்கமருந்துச் சோதனைகள் தொடங்கின. இவை வேண்டிய பணிகள்தாம், ஐயமில்லை. ஆனால் வெயிலில் கொதித்த கூடாரத்தைப் பற்றி யாரும் அதே ஊக்கத்துடன் ஆராயவில்லை. நஞ்சு தனிமனிதரின் குற்றமாகத் தெரிந்தது. ஆகவே அதைத் தேட ஒரு நிறுவனம் பிறந்தது. வெயிலில் ஓடவிட்டது அமைப்பின் குற்றம். அதைத் தேட ஆளில்லை.

தொடாது நின்ற மருத்துவர்கள்

1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிசில் பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்தது. ஸ்விட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசி நீர் நிலையத்தைத் தவறவிட்டிருந்தார். அரங்கினுள் நுழைந்தபோது உடல் ஒருபுறமாகச் சாய்ந்து, ஒரு கை தொங்கி, கால் இழுபட நடந்தார். மருத்துவர்கள் அவரை நோக்கி ஓடினர். அவர் விலகினார். தொட்டால் ஓட்டம் பறிபோகும் என்பது அவருக்கும் தெரியும், மருத்துவர்களுக்கும் தெரியும்.

தொல்காப்பியம் காஞ்சித்திணையில் தொடாக்காஞ்சி என்றொரு துறையைச் சொல்கிறது. போரில் புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் அணுகித் தொடாதபடி மனைவி காத்து நிற்பது அதன் பொருள். லாஸ் ஏஞ்சலிசின் காட்சி அதன் தலைகீழ் வடிவமாக நமக்குத் தோன்றுகிறது. இங்கே அணுகாமல் நிற்க வேண்டியிருந்தது பேயன்று, காக்க வந்தவரே.

எனினும் அம்மருத்துவர்கள் வெறுமனே நிற்கவில்லை. உடன் நடந்தபடி கண்ணால் நோய் பார்த்தார்கள். அவர் உடலில் வியர்வை இருந்தது. ஆகவே வெப்பத்தை வெளியேற்றும் இயக்கம் முற்றாக நின்றுவிடவில்லை என்று கணித்து, தொடரவிட்டார்கள். கடைசிச் சுற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. 37ஆவதாகக் கோட்டைக் கடந்து, காத்திருந்தவர்களின் கைகளில் விழுந்தார். இரண்டு மணி நேரத்தில் தேறினார். கணிப்பு சரியாயிற்று, ஆனால் இன்றைய மருத்துவம் வியர்வையை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. வெப்பத் தாக்குற்றவர்க்கும் வியர்த்திருக்கலாம் என்பது இப்போது நன்கு தெரிந்த செய்தி.

அதன்பின் விதி திருத்தப்பட்டது. களத்தில் மருத்துவர் ஒருவரைத் தொட்டுப் பார்ப்பதனால் மட்டும் அவர் தகுதியிழக்க மாட்டார் என்றாயிற்று. 1908 தொடங்கி 1984 வரை, எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அது.

அரங்கிலிருந்து நகருக்கு

இதற்குள் திட்டமிடலின் எல்லையும் விரிந்திருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் மருத்துவப் பதிவுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. சிகிச்சை பெற்றவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் வீரர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெயிலில் வாடியவர்களில் பெரும்பாலோர் பார்வையாளர்களும் தொண்டர்களுமே. அதே போட்டியின்போது ஜூலை 27ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் பூங்காவில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவர்களைப் பல மருத்துவமனைகளுக்குப் பகிர்ந்து அனுப்ப வேண்டியிருந்தது. அரங்கின் மருத்துவமும் நகரின் மருத்துவமும் வேறு வேறல்ல என்பது அப்போது விளங்கிற்று.

2012 இலண்டன் வீரர் குடியிருப்பின் மருத்துவமனை இன்னொரு செய்தியைச் சொன்னது. அங்கே பல் மருத்துவமும் கண் பரிசோதனையும் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. உலகின் மிக வலிய உடல்கள் என்று நாம் நினைப்பவற்றுள் பல, பல் மருத்துவரை எளிதில் அணுக முடியாத ஊர்களிலிருந்து வந்தவை. போட்டிகளுக்குப் பின் அக்கட்டடம், மாற்றுத் திறனாளர் விளையாட்டுகளுக்கு வித்திட்ட மருத்துவர் லுத்விக் குட்மனின் பெயரால் அப்பகுதி மக்களுக்கான நலவாழ்வு நிலையமாயிற்று. விழா முடிந்த பின்னும் மக்களிடம் எஞ்சும் திட்டம் அரிதினும் அரிது. அதனால் அதைக் குறிப்பிட வேண்டும்.

நாட்காட்டி என்னும் மருந்து

டோக்கியோ 1964இல் தன் முதல் ஒலிம்பிக்கை அக்டோபர் மாதத்தில் நடத்தியது. 2020க்கான போட்டிகளோ ஜூலை 15க்கும் ஆகஸ்டு 31க்கும் இடையில் நடந்தாக வேண்டும் என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு வரையறுத்திருந்தது. டோக்கியோவின் கோடைப் புழுக்கம் யாவரும் அறிந்தது. ஆயினும் நகரின் விண்ணப்பம் அக்காலத்தை வீரர்களுக்கு உகந்த தட்பவெப்பம் என்றே வருணித்தது.

2019 செப்டம்பரில் கத்தாரின் தோகாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான் நள்ளிரவில் தொடங்கியது. ஓடிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு டோக்கியோவின் மாரத்தானையும் நடைப் போட்டிகளையும் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வடக்கே சப்போரோவுக்கு மாற்றியது. டோக்கியோ ஆளுநர் கொய்கே யுரிகோ இதை உடன்பாடில்லாத முடிவு என்றார். அதே 2019இல் ஜப்பானியத் தொலைக்காட்சியின் ஆண்டுநெடுந்தொடரில் கனகுரி ஷிசோ நாயகனாக வலம்வந்துகொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஸ்டாக்ஹோமில் வெயிலில் தொலைந்தவரின் கதையை நாடே வீட்டிலிருந்து பார்த்த ஆண்டில், வெயிலுக்கு அஞ்சி மாரத்தான் தலைநகரை விட்டு அகன்றது.

கொள்ளைநோயால் ஓராண்டு தள்ளி 2021இல் போட்டிகள் நடந்தபோது, பெண்கள் மாரத்தானின் தொடக்கம் கடைசி நேரத்தில் மேலும் ஒரு மணி முன்னதாக, காலை ஆறுக்கு மாற்றப்பட்டது. அப்படியிருந்தும் ஆண்கள் ஓட்டத்தில் 106 பேரில் 30 பேர் முடிக்கவில்லை. டென்னிஸ் அரங்கில் தானீல் மெத்வதேவ், தான் இறந்தால் பொறுப்பேற்பது யார் என்று நடுவரிடம் கேட்டார். அவர் கேட்ட மறுநாள் ஆட்டங்கள் பிற்பகல் மூன்றுக்குத் தொடங்கலாயின.

இன்று வெப்பத் தாக்குக்கான சிகிச்சை நன்கு அறியப்பட்டது. முதலில் குளிர்வித்தல், பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் என்பது நெறி. பனிநீர்த் தொட்டியில் உடலை அமிழ்த்தி அரைமணிக்குள் வெப்பத்தைத் தணித்துவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்பும். அமெரிக்காவின் பால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத் தாக்குற்ற 274 பேர் இவ்வாறு சிகிச்சை பெற்றனர், அனைவரும் பிழைத்தனர். ரோமின் கூடாரத்தில் ஒரு தொட்டியும் சிறிது பனிக்கட்டியும் இருந்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் டோக்கியோ வேறொரு கேள்வியையும் எழுப்பியது. 2021 ஏப்ரலில் போட்டிக் குழு 500 செவிலியரை அனுப்புமாறு ஜப்பானியச் செவிலியர் சங்கத்தைக் கேட்டது. கொள்ளைநோய் மருத்துவமனைகளில் சோர்ந்துபோயிருந்த செவிலியர் சமூக ஊடகங்களில் திரண்டு எதிர்த்தனர். போட்டிகள் நடந்துகொண்டிருந்த ஆகஸ்டு 5ஆம் நாள் டோக்கியோவின் அன்றாடத் தொற்று முதன்முறையாக 5000ஐத் தாண்டியது. கடும் நோயுறாதவர் வீட்டிலேயே இருக்குமாறு அரசு அறிவித்திருந்தது. செயின்ட் லூயிசில் விழுந்தவரின் உயிருக்காக வகுத்த திட்டம் இல்லை என்பது குறை. டோக்கியோவில் விழுந்தவருக்கு மருத்துவர் உண்டு. அவர் யாருடைய படுக்கையருகிலிருந்து எழுந்து வந்தார் என்பதே கேள்வி.

ஆகவே மருத்துவத் திட்டம் மருத்துவரிடமிருந்து தொடங்குவதில்லை என்றே நாம் கருதுகிறோம். எந்த மாதம், எந்த மணி, எந்த ஊர் என்று முடிவு செய்யும் மேசையில் அது தொடங்குகிறது. அம்மேசையில் ஒளிபரப்பு உரிமைக்கு இடமுண்டு, விளம்பரத்துக்கு இடமுண்டு. மருத்துவருக்கு நாள் குறித்த பிறகே அழைப்பு போகிறது. 1904இல் பிற்பகல் மூன்று மணியைத் தேர்ந்தவர்களுக்கும் நமக்கும் இடையே நூறாண்டு அறிவியல் நிற்கிறது. நாள் குறிக்கும்போதே அந்த அறிவியலைக் கேட்டிருந்தால் சப்போரோவுக்கு ஓட வேண்டியிருந்திருக்காது. காலை ஏழு மணிக்குத் தொடங்கியும் முப்பது பேர் பாதி வழியில் நின்றிருக்க மாட்டார்கள்.